பழைய யந்திரமும் பதினாறாயிரம் ரூபாயும்



மும்பை மாநகரில் தாதரின் கிழக்குப் பகுதியையும் மேற்குப் பகுதியையும் இணைப்பது திலகர் பாலம். கீழே ரயில் வண்டிகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். மேலே மனிதரும் வண்டிகளும் நெருக்கியடித்துக்கொண்டு செல்வர். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு மாலை, அந்தப் பாலத்தின் ஏற்றத்தில் என் மோட்டார் சைக்கிள் முனகிக்கொண்டு ஏறியபோது, பின்னால் வந்த டாக்ஸிக்காரர் ஒருவர் வண்டியை என்னருகே கொணர்ந்து, மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடியே, "கொசு மருந்து அடிக்கும் உத்தியோகமோ உங்களுக்கு?" என்று இந்தியில் கேட்டுவிட்டுப் போனார். திரும்பிப் பார்த்தேன். பாலத்தில் பாதி நீலப் புகையில் மறைந்து கிடந்தது.

எனக்கு உத்தியோகம் மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பு. கல்லூரியில் படித்தது சரித்திரம். யந்திரத்தைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். அதிக தூரம் ஓடிக் களைத்த ஒரு யந்திரத்தைச் சீர்செய்வதற்காக அறியாமையால் நான் இழந்த 6,000 ரூபாயும், பிறகு அளந்து அறிந்து செலவிட்ட 15,800 ரூபாயுமே என் தகுதி. இவ்விரண்டு செலவுகளுக்கும் இடையே நான் கற்றுக்கொண்டதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

வண்டி, 350 சி.சி. புல்லட். 1989ஆம் ஆண்டு அக்டோபரில் என் தகப்பனார் வாங்கியது. அவர் மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவருக்கு இந்த வண்டியின் மேல் ஒரு தனிப் பற்று. அதற்குக் காரணம், அது திருவொற்றியூரில் செய்யப்பட்டது என்பதே. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்த இந்த வண்டியை நம் நாட்டில் செய்வதற்காக, 1955ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் ஆங்கிலக் கம்பெனியும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியை நிறுவினர். ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. திருவொற்றியூரோ தொடர்ந்து செய்துகொண்டிருந்தது. 1977இல் அந்த இங்கிலாந்துக்கே வண்டியை ஏற்றுமதியும் செய்யத் தொடங்கியது. "நம்மைப் போலத்தான் இதுவும், பிறந்தது ஓர் ஊர், பிழைத்தது வேறு ஊர்" என்று தகப்பனார் சொல்லுவார். அவர் 2018இல் காலமானார். வண்டியும், ஒரு மரப்பெட்டி நிறையக் கருவிகளும், ஒரு நோட்டுப் புத்தகமும் எனக்கு வந்து சேர்ந்தன.

அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பெட்ரோல் போட்ட தேதி, ஆயில் மாற்றிய தேதி, அப்போது மீட்டர் காட்டிய எண் ஆகிய அனைத்தும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன. புல்லட்டின் மீட்டரில் ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999 கிலோமீட்டருக்குப் பிறகு அது மீண்டும் பூஜ்யத்தில் தொடங்கிவிடும். 2009இல் அவ்வாறு சுழன்றதை அவர் குறித்து வைத்திராவிட்டால், வண்டி 1,38,000 கிலோமீட்டர் ஓடியது என்பது எனக்குத் தெரிந்திராது. 38,000 என்றே நம்பியிருப்பேன். 2005 ஜூலை 26ஆம் தேதிக்கு நேரே "வெள்ளம்" என்ற ஒரே சொல் இருக்கிறது. அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மும்பையில் வாழ்ந்தவர் எவரும் அந்த நாளை மறக்கமாட்டார். வண்டி இரண்டு நாள் நீரில் நின்றது. அடுத்த வாரத்தில் மூன்று முறை ஆயில் மாற்றியதாகக் குறிப்பு. மறு ஆண்டு, 88,000 கிலோமீட்டரில், "போர் செய்து +20 பிஸ்டன் போட்டது" என்றொரு வரி. கிராங்கைப் பிரித்ததாக எங்கும் எழுதப்படவில்லை. இந்தக் கடைசிச் செய்தி எத்தனை முக்கியமானது என்பதை நான் பின்னரே உணர்ந்தேன்.

இனி, நான் பணம் இழந்த கதை. மும்பைப் பட்டறைகளில் 'ஆஃப் இன்ஜின்', 'ஃபுல் இன்ஜின்' என்று இரண்டு சொற்கள் வழங்குகின்றன. நானும் மொழிபெயர்ப்பாளன்தான், இவற்றைத் தமிழாக்க முயன்று கைவிட்டேன். 'அரை யந்திரம்' என்றால் கேட்பவர் சிரிப்பார். யந்திரத்தின் மேற்பாதியாகிய ஹெட், வால்வுகள், பிளாக், பிஸ்டன், ரிங் ஆகியவற்றை மட்டும் கவனிப்பது ஆஃப் இன்ஜின். கீழ்ப்பாதியையும் பிளந்து, கிராங்கு, கனெக்டிங் ராடு, பேரிங்குகள்வரை பார்ப்பது ஃபுல் இன்ஜின். முன்னதைவிடப் பின்னதற்குச் செலவு இரண்டு மடங்கு, சில சமயம் மூன்று மடங்கு. கையில் பணம் குறைந்தவன் எதைக் கேட்பான்? 2021இல் ஒரு பட்டறையில் ஆஃப் இன்ஜின் செய்யச் சொன்னேன். அங்கே பிளாக்கைக் கழற்றினார்கள். கண்ணால் பார்த்து "போர் நன்றாக இருக்கிறது" என்றார்கள். புது ரிங்குகள் மட்டும் போட்டு மூடிவிட்டார்கள். 6,000 ரூபாய் ஆயிற்று. 4,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் பழைய புகை திரும்பிவிட்டது. அவர்களைக் குறை சொல்வதைவிட, "அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்காத என்னையே சொல்லவேண்டும். ஃபிட்டரின் மகனாகப் பிறந்தும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

பாலத்தில் புகை கக்கிய அந்த ஆண்டில் என் நிலை இது. மகளுக்குக் கல்லூரியில் சேரும் வயது. கட்டணத்திற்கு ஒதுக்கியது போக, வண்டிக்கென்று 16,000 ரூபாய்க்கு மேல் ஒரு காசும் எடுக்க இயலாது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எனக்கு அந்தக் கெடு அவ்வாண்டு அக்டோபரில் வந்தது. புகை கக்கும் வண்டியை அதிகாரியின் முன் கொண்டு நிறுத்த முடியாது. புதிய புல்லட்டோ ஒன்றரை லட்சத்துக்கு மேல். "தவணையில் எடுத்துவிடுங்கள், அத்தான்" என்றான் என் மைத்துனன். பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து பார்த்து, எடை போடும் கண்ணோடு ஒரு விலையும் சொன்னார். என் தாயார் எதுவும் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வண்டியின் பின்னால் அமர்ந்து மாட்டுங்கா கோவில்களுக்குப் போய்வந்தவர் அவர். இரும்புக்காரர் படியிறங்கும்வரை அடுக்களையை விட்டு அவர் வெளியே வரவில்லை. அதுவே எனக்குப் பதிலாயிற்று.

தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் போனேன். அறுபது வயதிருக்கும். என் தகப்பனாரை அறிந்தவர். கதையெல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, கழற்றுவதற்கு முன்னால் வண்டியிடமே கேட்போம். ஏறும்போது புகைக்கிறதா, இறங்கும்போது புகைக்கிறதா?" என்றார். நான் விழித்தேன். அவர் விளக்கினார். திராட்டிலைத் திறந்து ஏற்றம் ஏறும்போது நீலப் புகை வந்தால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன என்று பொருள். திராட்டிலை மூடிக்கொண்டு இறக்கத்தில் உருண்டு, அடிவாரத்தில் மீண்டும் திறக்கும்போது ஒரு குப்பென்று வந்தால், வால்வு கைடு தேய்ந்து அதன் வழியே ஆயில் உறிஞ்சப்படுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிஷங்கள் மட்டும் புகைத்து நின்றுவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. புல்லட்டின் ஆயில் தொட்டி கிராங்கு அறையோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருப்பதால், பல நாள் நின்ற வண்டியில் ஆயில் மெல்லக் கசிந்து கீழே இறங்கிவிடுவதுண்டு. கறுப்புப் புகையானால் குற்றம் கார்பரேட்டரில்.

மறுநாள் விடியற்காலையில் திலகர் பாலத்தில் நான்கு முறை ஏறி இறங்கினேன். பின்னால் சைக்கிளில் வந்து புகையைக் கவனிக்கும் பொறுப்பு என் மகளுடையது. ஏறும்போதும் புகை, இறங்கி முடிக்கும்போதும் புகை என்று அவள் அறிக்கை கொடுத்தாள்.

இரண்டாவது சோதனைக்குக் கருவியே வேண்டாம். பிஸ்டனை அமுக்க நிலைக்குக் கொண்டுவந்து, கிக்கர் மேல் உடலின் பாரம் முழுவதையும் ஏற்றி நிற்கவேண்டும். நல்ல யந்திரம் நம்மைச் சில வினாடிகளாவது தாங்கும். என்னுடையது தாங்கவில்லை, கால் மெத்தையில் இறங்குவதுபோல் இறங்கியது. அப்போது "ஸ்" என்று காற்று வெளியேறும் ஒலி எங்கே கேட்கிறது என்று காது கொடுக்க வேண்டும். கார்பரேட்டர் வாயில் கேட்டால் இன்லெட் வால்வு. சைலன்சர் முனையில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கிராங்கு அறையின் பிரீதர் குழாயில் கேட்டால் ரிங். எனக்குக் கேட்டது பிரீதரிலும் சைலன்சரிலும். இவ்வளவும் ஒரு திருப்புளியைக்கூடத் தொடாமல் தெரிந்துகொண்டவை.

அடுத்த ஞாயிறு ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றினோம். இங்கேதான் தகப்பனாரின் பெட்டியிலிருந்த ஃபீலர் கேஜ் உதவியது. தேய்மானத்தை அளக்க விலையுயர்ந்த போர் கேஜ் இல்லாதவர்களுக்கு அண்ணாச்சி காட்டிய வழி ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் என் பணத்தைக் காப்பாற்றியது இதுதான்.

பிஸ்டன் ரிங் ஒரு முழு வளையமன்று. அதன் இரு முனைகளுக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. ரிங்கைத் தனியே எடுத்து, பிளாக்கின் அடிப்பகுதியில், பிஸ்டனின் ரிங்குகள் எட்டாத இடத்தில் செருகி, கோணாமல் நிறுத்தி, அந்த இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். அவ்விடம் தேயாத இடம். எனக்கு 0.45 மில்லிமீட்டர் வந்தது. பிறகு அதே ரிங்கை மேலே, விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்து அளக்க வேண்டும். அங்கேதான் வெடிப்பின் சூடும் அழுத்தமும் மிகுதி, ஆயில் குறைவு. ஆகையால் தேய்மானமும் அங்கேதான் மிகுதி. அவ்விடத்தில் 1.10 வந்தது. வித்தியாசம் 0.65. வட்டத்தின் சுற்றளவு பெருகினால் விட்டம் எவ்வளவு பெருகியிருக்கும் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு, 3.14ஆல் வகுக்க வேண்டும். விடை 0.2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பட்டறை வழக்கில் எட்டு 'தௌ', அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எட்டுப் பங்கு. "ஐந்துக்கு மேல் போனால் புது ரிங் போடுவது ஆற்றில் போட்டதுபோலத்தான்" என்றார் அண்ணாச்சி. ஆற்றில் போட்ட என் 6,000 ரூபாயின் வரலாறு அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது. 2021இல் எவரேனும் இரண்டு நிமிஷம் செலவிட்டு இப்படி அளந்திருந்தால் போதும்.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. பிஸ்டன் முன்னும் பின்னும் அழுந்துவதால் போர் நாளடைவில் வட்டமாக இராமல் முட்டை வடிவாகிவிடும். ரிங் அந்தக் கோணலைக் காட்டாது, சராசரியைத்தான் காட்டும். போர் செய்வதா வேண்டாமா என்று தீர்மானிக்க அது போதும். எந்த அளவுக்குப் போர் செய்வது என்பதை லேத்துப் பட்டறையில் கேஜ் வைத்தே பார்க்கவேண்டும்.

ஆக, மேற்பாதி தீர்ந்தது. கீழ்ப்பாதி? கனெக்டிங் ராடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடும், அது இயல்பு. மேலும் கீழுமாக இழுத்துப் பார்க்கையில் மயிரிழை ஆட்டம்கூட இருக்கக்கூடாது. அண்ணாச்சி இரு கைகளாலும் ராடைப் பற்றிக்கொண்டு மேலே தூக்கிக் கீழே அழுத்தினார். "டக்" என்று ஓர் ஒலி. மெல்லிய ஒலிதான். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் என் பணப்பையை நினைத்தேன்.

என் வண்டியின் காலத்துப் புல்லட்டுகளில் ராடின் பெரிய முனையில் உருளை பேரிங் கிடையாது. மிதக்கும் புஷ் ஒன்று, ஆயில் படலத்தின் மேல் சுழன்றுகொண்டிருக்கும். சுத்தமான ஆயில் கிடைக்கும்வரை அது நெடுங்காலம் உழைக்கும். மண்ணும் நீரும் கலந்த ஆயிலை அதனால் தாங்கமுடியாது. 2005இன் வெள்ளமும், கிராங்கைப் பிரித்ததாகக் குறிப்பில்லாத அந்த நோட்டுப் புத்தகமும் இப்போது ஒன்றுசேர்ந்து பேசின. தகப்பனார் மூன்று முறை ஆயில் மாற்றியும் ஏதோ மிச்சம் உள்ளே தங்கியிருக்கிறது. அவர் அன்று ஏன் கீழ்ப்பாதியைத் திறக்கவில்லை? எனக்கு அப்போது கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய காலம் என்பது, தேதியைக் கணக்கிட்டபோது தெரிந்தது. அவரும் ஆஃப் இன்ஜினோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். அளந்து பார்த்தபின், தெரிந்தே நிறுத்தியிருப்பார் என்றுதான் எண்ணுகிறேன்.

ஃபுல் இன்ஜின் என்று முடிவாயிற்று. 16,000 ரூபாய்க்குள் அதை அடக்குவது எப்படி? அண்ணாச்சியும் நானும் ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். கண்ணுக்குத் தெரியும் எதற்கும் காசில்லை என்பது முதல் தீர்மானம். பெட்ரோல் டாங்கின் பெயிண்ட் உரிந்திருந்தது, இருக்கட்டும். சைலன்சரில் குரோமியம் போயிருந்தது, போகட்டும். கியர் பெட்டி புல்லட்டில் தனி உறுப்பு. சத்தமில்லாமல் வேலை செய்வதைத் திறக்காமல் விடுவதே சிக்கனம். கிளட்ச் பிளேட்டுகளை அளந்து பார்த்தோம், இன்னும் இரண்டு வருஷம் தாங்கும். கார்பரேட்டருக்குச் சுத்தம் செய்வது மட்டும். ஆனால் உள்ளே புதைந்து, மறுபடி பார்க்க வேண்டுமானால் யந்திரத்தையே பிளக்கவேண்டிய உறுப்புகளில் ஒரு ரூபாயும் குறைக்கக்கூடாது. ராடு கிட் 2,400 ரூபாய். கிராங்கைத் தாங்கும் பேரிங்குகள் 2,300. இவற்றைக் குர்லாவின் பழைய சாமான் கடைகளில் பாதி விலைக்கு வாங்கலாமே என்று கேட்டேன். "புட்போர்டு வேண்டுமானால் அங்கே வாங்குங்கள், தம்பி. பேரிங்கு வேண்டாம்" என்றார்.

பிஸ்டன் வாங்கிய பிறகுதான் போர் செய்யவேண்டும் என்பது பலரும் தவறவிடும் விதி. அட்டைப் பெட்டியில் +40 என்று அச்சிட்டிருப்பதை நம்பி முன்கூட்டியே போரைக் கடைந்துவிட்டால், பிஸ்டன் அரை தௌ கூடவோ குறையவோ இருந்தால் என்ன செய்வது? எனவே 2,200 ரூபாய் கொடுத்து அங்கீகாரம் பெற்ற கடையில் பிஸ்டனும் ரிங்குகளும் வாங்கி, அந்தப் பிஸ்டனையும் பிளாக்கையும் ஒரு துணிப்பையில் சுமந்துகொண்டு தாதரிலிருந்து குர்லாவுக்கு ரயிலேறினேன். நிலையத்தில் காவலர் ஒருவர் பையைத் திறக்கச் சொன்னார். வார்ப்பிரும்புப் பிளாக்கைப் பார்த்து, "என்ன இது?" என்றார். "புல்லட்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டென்பது, அவர் முகம் மாறிய பிறகே நினைவுக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளனுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள்!

லேத்துப் பட்டறைக்காரர் ஒரு மராட்டியப் பெரியவர். பிஸ்டனைத் துடைத்து, மைக்ரோமீட்டரால் அடிப்பாகத்தில் அளந்து, அந்த எண்ணைச் சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதினார். பிஸ்டனுக்கும் போருக்கும் இடையே எத்தனை தௌ விடுவது என்பதில் அவருக்கும் அண்ணாச்சிக்கும் தொலைபேசியில் ஒரு வாக்குவாதம் நடந்தது. அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். இடைவெளி குறைந்தால் பிஸ்டன் விரிந்து போரைக் கவ்விக்கொள்ளும்; நடுச்சாலையில் சக்கரம் நின்றுவிடும். கூடினால் பிஸ்டன் தட்டும், ஆயில் மேலே ஏறும். அண்ணாச்சி நான்கு என்றார், பெரியவர் மூன்று போதும் என்றார். மூன்றரையில் சமாதானம் ஆயிற்று. கடைசல் முடிந்தபின் ஹோனிங் கல்லால் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இட்டார். அக்கோடுகளில் ஆயில் தங்கும். ரிங் போரோடு படிந்து பழக அவை வேண்டும். கூலி 700 ரூபாய். "நாளை வா" என்று மூன்று நாள் சொன்னார். நான்காம் நாள் வாங்கிவந்த வேலையில் ஒரு குறை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கிராங்கு வேலை இதைவிடக் கடினம். இரண்டு கனத்த ஃபிளைவீல்களைக் கிராங்கு பின் இணைத்துநிற்கிறது. அதைப் பிரித்துப் புதுப் பின்னும் ராடும் போட்டுச் சேர்த்தபின், இரண்டு பக்கத்துத் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் சுழலவேண்டும். டயல் கேஜின் முள்ளைப் பார்த்துக்கொண்டே செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி இதைச் சரிசெய்கிறார்கள். ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். முள் முதலில் பத்துக் கோடு ஆடியது, பிறகு ஆறு, பிறகு மூன்று, கடைசியில் ஒன்றரைக்கு வந்ததும் சுத்தியலைக் கீழே வைத்தார்கள். இதற்கு 1,200 ரூபாய். அவசரக்காரரிடம் இந்த வேலையைக் கொடுத்தால் மேலே போடும் புதுச் சாமான் அத்தனையும் பாழ்.

கூலியில் மிச்சப்படுத்த வழி இருந்தது. யந்திரத்தைக் கழுவுவது, கரியைச் சுரண்டுவது, ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கை நீக்குவது ஆகிய வேலைகளுக்குத் திறமை வேண்டாம், பொறுமை போதும். அவற்றை நான் செய்வதென்றும் அண்ணாச்சிக்கு 4,000 ரூபாய் என்றும் பேசிக்கொண்டோம். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் டீசலில் கை நனைத்தேன். திங்கட்கிழமை அலுவலகக் கோப்புகளில் டீசல் வாசனை வீசியதாகச் சக ஊழியர் ஒருவர் சொன்னார். வால்வுகளை அரைப்பசை தடவி இருக்கையில் அரைத்ததும் நான்தான். அரைத்தபின் வால்வை மூடிவைத்து, ஹெட்டின் துளையில் பெட்ரோலை ஊற்றி, மறுபுறம் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். இன்லெட் கசியவில்லை. எக்ஸாஸ்ட் வால்வின் முகம் குழிந்திருந்ததால் புதிதே போடவேண்டியதாயிற்று. கைடுகள் இரண்டும் மாற்றினோம். எல்லாம் சேர்ந்து 1,100.

ஒருமுறை மட்டும் பெரிய நஷ்டத்திலிருந்து தப்பினேன். டைமிங் பக்கத்துத் தண்டின் முனையில் ஆயில் பம்புகளை ஓட்டும் புழுப்பல் மரை ஒன்று இருக்கிறது. அதை வழக்கம்போல் இடப்புறமாகத் திருகிக் கழற்ற முயன்றேன். அசையவில்லை. ஸ்பானருக்கு ஒரு குழாயை மாட்டிப் பலத்தைக் கூட்டினேன். "தம்பி, கையை எடுங்கள்!" என்று அண்ணாச்சி போட்ட கூச்சலில் சந்தே திரும்பிப் பார்த்தது. அது இடமரை, வலப்புறம் திருகினால்தான் கழலும். நான் இன்னும் அரை நிமிஷம் முயன்றிருந்தால் தண்டின் முனை முறிந்து, நாங்கள் போட்ட கணக்கு அத்தனையும் குலைந்திருக்கும். உங்களில் எவரேனும் பழைய புல்லட்டைப் பிரிக்க நேர்ந்தால், இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

ஜூன் மாதம் மூன்றாம் ஞாயிறன்று வண்டி உயிர்பெற்றது. அதற்குமுன் பிளக்கைக் கழற்றிவிட்டு, ராக்கருக்கு ஆயில் ஏறுகிறதா என்று தெரியும்வரை கிக்கரைச் சும்மா மிதித்துக்கொண்டே இருந்தோம். வறண்ட பேரிங்கோடு முதல் நிமிஷம் ஓடினால், பல ஆண்டுத் தேய்மானம் அதிலேயே ஆகிவிடும் என்பது அண்ணாச்சியின் கட்சி. பிறகு பிளக்கை மாட்டி நான்காவது உதையில் யந்திரம் பிடித்தது. சிறிது வெண்புகை வந்து, நின்றது.

முதல் 500 கிலோமீட்டர் மணிக்கு 40க்கு மேல் ஓட்டக்கூடாது. ஒரே வேகத்திலும் ஓட்டக்கூடாது. பின்னால் ஆள் ஏற்றக்கூடாது. மும்பைப் போக்குவரத்தில் முதல் விதியைக் காப்பது சுலபம். விடியற்காலை ஐந்து மணிக்கு தாதர் டி.டி.யிலிருந்து புறப்பட்டு, சயான் வழியாகச் செம்பூர்வரை போய்த் திரும்புவேன். (டி.டி. என்பது டிராம் வண்டிகளின் கடைசி நிலையத்தைக் குறித்த பெயர். டிராம் 1964 மார்ச் 31இல் நின்றுவிட்டது, பெயர் நிற்கவில்லை.) 200 கிலோமீட்டரில் வடித்த முதல் ஆயில் வெள்ளிப் பொடி கலந்ததுபோல் சாம்பல் நிறமாக இருந்தது. ரிங்கும் போரும் ஒன்றையொன்று தேய்த்துப் பழகிய அடையாளம் அது. அதை மீண்டும் உபயோகிக்க எண்ணுவது கூடாத சிக்கனம். இரு முறை மாற்றிய ஆயிலுக்கு 1,300, பேக்கிங்குகளுக்கும் ஆயில் சீலுக்கும் 600. ஆக மொத்தம் 15,800 ரூபாய். மிச்சம் இருந்த 200 ரூபாய், அண்ணாச்சியின் பட்டறைப் பையன்களுக்கு டீ வாங்கியதில் தீர்ந்தது.

அக்டோபரில் பதிவு புதுப்பிக்கப்பட்டது. 500 கிலோமீட்டர் முடிந்த மறுநாள், ஹெட் நட்டுகளை மீண்டும் முடுக்கியபின், தாயாரைப் பின்னால் அமர்த்தி மாட்டுங்காவுக்கு அழைத்துச் சென்றேன். நேர்வழியில் போகாமல், திலகர் பாலத்தில் மேற்கே ஏறி இறங்கி, சுற்றிக்கொண்டு போனேன். என் மகள் வழக்கம்போல் சைக்கிளில் பின்தொடர்ந்தாள். ஏற்றத்திலும் இல்லை, இறக்கத்திலும் இல்லை என்றாள். இப்போது 1,500 கிலோமீட்டருக்கு ஒரு கால் லிட்டர் ஆயில் குறைகிறது; நோட்டுப் புத்தகத்தில் தகப்பனாரின் கடைசி வரிக்குக் கீழே அதை எழுதி வைத்திருக்கிறேன். டாபெட் மூடியின் ஓரத்தில் மட்டும் ஒரு சொட்டுக் கசிவு நிற்கவில்லை. அது புல்லட்டின் பிறவிக் குணம் என்கிறார் அண்ணாச்சி. எங்கள் கட்டடத்துக் காவலாளி அதை ஒப்புக்கொள்ளாததால், இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் தகரத் தட்டை வைத்துவிட்டு மாடியேறுகிறேன்.